புது டிஸ்க்கை எப்படிச் சோதிப்பது? நம்ம வெயிலுக்கும் மழைக்கும் எந்த பிளாஸ்டிக் நிற்கும்?

செந்தூல்காரன்:
வணக்கம். டிஸ்க் கோல்ஃப் (டிஸ்க்கை எறிந்து சங்கிலிக் கூடையில் போடும் ஆட்டம்) பற்றிய சந்தேகம். ஒரே மோல்டு (அச்சு), மூன்று பிளாஸ்டிக். இன்னோவா கம்பெனியின் டீபேர்ட், டிஎக்ஸில் ஒன்று, ஸ்டாரில் ஒன்று, சாம்பியனில் ஒன்று. மூன்றுக்கும் சொல்லும் எண் 7/5/0/2 தான் (வரிசையாக ஸ்பீடு, மிதப்பு, தொடக்கத்தில் வலப்பக்கம் சாயும் டர்ன், கடைசியில் இடப்பக்கம் இறங்கும் ஃபேட்). ஆனால் மூன்றும் மூன்று மாதிரிப் போகின்றன. சாம்பியன் கடைசியில் வெடுக்கென்று இடப்பக்கம் இறங்குகிறது. டிஎக்ஸ் நேராகப் போய் மெதுவாகச் சாய்கிறது. ஸ்டார் இரண்டுக்கும் நடுவில். வலக்கை பேக்ஹேண்ட், தூரம் 80 மீட்டர் சுமார்.

கேள்வி இரண்டு. இந்த வித்தியாசம் டிஸ்க்கில் இருக்கிறதா, கையில் இருக்கிறதா என்று எப்படிப் பிரிப்பது? அப்புறம், கோலாலம்பூர் வெயில், சாயங்கால மழை, சிமெண்டு லோங்காங் (வடிகால்), தூங்குமூஞ்சி மரம் எல்லாவற்றுக்கும் எது தாங்கும்? யூடியூப் விமர்சனம் முக்கால்வாசி குளிர் நாட்டுப் புல்வெளியில் எடுத்தது. நாலு எறி எறிந்துவிட்டு 'சூப்பர்' என்று முடித்துவிடுகிறார்கள்.

பிறையார்:
எறிவதற்கு முன்னால் மேசையிலேயே முடிக்க வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது. அதைச் செய்யாமல் திடலுக்குப் போனால் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்றே தெரியாது.

முதலில் எடை. அடியில் பேனாவால் எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 1 கிராம் காட்டும் சமையலறைத் தராசில் மூன்றையும் வையுங்கள். ஒன்று 175, இன்னொன்று 167 என்று வந்தால் நீங்கள் சோதிப்பது எடையை, பிளாஸ்டிக்கை அல்ல. 2, 3 கிராமுக்குள் இருந்தால் சரி. பிடிஜிஏ (தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம்) விதிப்படி விட்டத்தின் ஒவ்வொரு செ.மீ.க்கும் 8.3 கிராம்தான் உச்சம், எப்படிப் போனாலும் 200 கிராமைத் தாண்டக் கூடாது. 21.1 செ.மீ. டிஸ்ட்ராயர் 175.1 கிராமில் நிற்பதும், 21.7 செ.மீ. உள்ள டிஸ்கிராஃப்ட் பஸ் 180.1 வரை போவதும் அதனால்தான். டிரைவரில் (தூர எறிக்கான டிஸ்க்) 180 கிராம் என்று யாராவது விற்றால் விசாரித்து வாங்குங்கள்.

அடுத்தது விளிம்புக் கோடு. அச்சின் மேல்பாதியும் கீழ்பாதியும் சேரும் இடத்தில் வெளி விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு ஓடும். நகத்தை மேலிருந்து கீழே இழுத்தால் தட்டுப்படும். பார்ட்டிங் லைன் என்பது அதுதான். கோடு உயரத்தில் இருந்தால் டிஸ்க் ஓவர்ஸ்டேபிள் (வலக்கை பேக்ஹேண்டில் இடப்பக்கம் இறங்குவது) பக்கம் போகும், தாழ்ந்தால் அண்டர்ஸ்டேபிள் (வலப்பக்கம் சாய்வது). அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். வழவழப்பான டைல்ஸ் தரையில் டிஸ்க்கைப் படுக்க வைத்து, பக்கத்தில் காலாவதியான ஏடிஎம் அட்டை, டச் அண்ட் கோ அட்டைகளை அடுக்குங்கள். ஓர் அட்டை சுமார் 0.76 மி.மீ. எந்த அட்டையில் கோடு மட்டமாகிறது என்று எண்ணுங்கள். மூன்று டிஸ்க்குக்கும் அதே அட்டைகள், அதே வரிசை. ஓர் அட்டை வித்தியாசம் வந்தாலே பறக்கும்போது தெரியும்.

மேல் தட்டின் புடைப்பும் முக்கியம். எஃகு அளவுகோலைத் தட்டின் நடுவில் குறுக்கே வைத்து, ஓரத்தில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். புடைப்பு கூடினால் மிதப்பு கூடும், தட்டையாக இருந்தால் பெரும்பாலும் சீக்கிரம் இறங்கும். ஒரே மோல்டு, ஒரே பிளாஸ்டிக்கிலேயே உற்பத்தித் தொகுதிக்குத் தொகுதி இது மாறும். சூடான பிளாஸ்டிக் ஆறிச் சுருங்கும் விதத்தைப் பொறுத்தது அது. உங்கள் சாம்பியன் வெடுக்கென்று இறங்குகிறது என்றால் அது தட்டையாக இருக்கும் என்பது என் கணிப்பு. அளந்து பார்த்துச் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங் தம்பி:
அண்ணே, இவ்ளோ அளக்கணுமா? எடுத்தோமா, எறிஞ்சோமா, எது பிடிச்சிருக்கோ அதைப் பையில் போட்டோமான்னு இருந்தா ஆகாதா? அட்டை அடுக்கி முடிக்கிறதுக்குள்ள மழை வந்துடும் லா.

பிறையார்:
ஒரு டிஸ்க் வாங்கினால் உங்கள் வழியே போதும் தம்பி. ஒன்று தொலைந்து இன்னொன்று வாங்கும்போதுதான் தொல்லை. முன்னால் இருந்தது எத்தனை அட்டை உயரம், எவ்வளவு புடைப்பு என்று குறிப்பு இருந்தால், கடைக்காரரிடம் 'விளிம்புக் கோடு தெரிகிற மாதிரி பக்கவாட்டில் ஒரு படம் அனுப்புங்கள்' என்று கேட்டே தேர்ந்தெடுக்கலாம். குறிப்பு இல்லையென்றால் பெயரையும் நிறத்தையும் பார்த்து வாங்கி மறுபடி சீட்டுக் குலுக்கல்தான்.

சரி, எறியும் சோதனை. செந்தூல்காரன் கேட்ட முதல் கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

ஒரே டிஸ்க்கை வரிசையாக ஐந்து முறை, பிறகு அடுத்ததை ஐந்து முறை என்று எறியாதீர்கள். முதல் டிஸ்க்குச் சூடேறாத தோள் கிடைக்கும், கடைசி டிஸ்க்குக் களைத்த தோள் கிடைக்கும். அ-ஆ-இ, ஆ-இ-அ, இ-அ-ஆ என்று சுழற்றுங்கள். நாலாவதாக, கைக்கு நன்றாகப் பழகிய ஒரு டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் போகட்டும். அது வழக்கத்துக்கு மாறாகப் போனால் அந்தச் சுற்று முழுவதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். காற்றோ தோளோ மாறியிருக்கிறது என்று பொருள்.

கை வழுக்கிய எறியைக் கழிக்கலாம். ஆனால் டிஸ்க் விரலை விட்ட அந்த நொடியிலேயே வாய்விட்டுச் 'செல்லாது' என்று சொல்லிவிட வேண்டும். விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டுக் கழித்தால் உங்களுக்குப் பிடித்த டிஸ்க்தான் எப்போதும் ஜெயிக்கும்.

காற்பந்துத் திடலின் பக்கக் கோட்டை நேர்கோடாக வைத்துக்கொண்டு மூலையிலிருந்து எறியுங்கள். விழுந்த இடத்தில் இரண்டு எண் போதும்: கோட்டின் வழியே எவ்வளவு தூரம், கோட்டிலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு. யூடிஸ்க் செயலியில் எறிதூரம் அளக்கும் வசதி உண்டு, ஆனால் போன் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும். 4 மீட்டர் வித்தியாசத்தைத் தேடும்போது அது உதவாது. 50 மீட்டர் அளவை நாடா நல்லது. கூட்டிச் சராசரி எடுக்காமல், வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். ஒரே ஒரு தாறுமாறான எறி சராசரியைக் கெடுத்துவிடும்.

பலத்தையும் மூன்றாகப் பிரியுங்கள்: பாதிக்குக் கொஞ்சம் மேல், முக்கால், முழு. முழுப் பலத்தில் மட்டும் எறிந்தால் டர்ன் தெரியும், ஃபேட் சரியாகப் பிடிபடாது. பாதியில் மட்டும் எறிந்தால் எல்லாமே ஓவர்ஸ்டேபிளாகத் தெரியும். 80 மீட்டர் எறிபவருக்கு ஸ்பீடு 7 பொருத்தம். அதே கையால் 12/5/-1/3 டிஸ்ட்ராயரை எறிந்துவிட்டு 'இதில் -1 டர்ன் எங்கே?' என்று கேட்பதில் அர்த்தமில்லை. சுமார் 100 மீட்டருக்கு மேல் எறியும் வேகம் இருந்தால்தான் அந்த எண் உயிர்பெறும்.

பங்சார் அக்கா:
பிறையார் சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: மூக்குக் கோணம். டிஸ்க்கின் முன்விளிம்பு மேல்நோக்கி இருந்தால் அது எழும்பி, வேகம் செத்து, இடப்பக்கம் சரியும். பார்ப்பவருக்கு ஓவர்ஸ்டேபிள் டிஸ்க் போலவே தெரியும். விடும்போது ஆட்டம் இருந்தால் தலைகீழ்: வலப்பக்கம் புரண்டு அண்டர்ஸ்டேபிள் போலக் காட்டும். டிஸ்க் மேல் போடுகிற பழியில் பாதி இந்த இரண்டுக்கும் போக வேண்டியது. போனை முக்காலியில் வைத்து நொடிக்கு 240 பிரேமில், ஒரு முறை பின்னாலிருந்தும் ஒரு முறை பக்கத்திலிருந்தும் எடுங்கள். பக்கவாட்டுப் படத்தில் மூக்கு, பின்பக்கப் படத்தில் ஆட்டம். இரண்டும் சுத்தமாக இருக்கும் எறிகளை மட்டும் ஒப்பிடுங்கள்.

நேரம்: காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை. காற்று அசையாது, திடலில் ஆள் குறைவு. மத்தியானத்துக்கு மேல் கோலாலம்பூரில் இடியும் மின்னலும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் கேட்கவே வேண்டாம். கெப்போங் மெட்ரோபோலிட்டன் பூங்காவில் சாயங்காலம் எல்லாரும் பட்டம் விடுகிறார்கள் என்றால், அந்த நேரம் அந்த இடம் டிஸ்க் சோதனைக்கு லாயக்கில்லை என்று அர்த்தம். பினாங்கில் கோத்தா லாமா பக்கமும் இதே கதை, வெயில் ஏற ஏற கடல்காற்று ஏறும்.

எறிந்து முடித்ததும் எதிர்ப்பக்கம் போய் அதே சுற்றை மறுபடி எறியுங்கள். எதிர்க்காற்று டர்னைக் கூட்டும், பின்காற்று ஃபேட்டைக் கூட்டும். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் விட்ட டிஸ்க்குக்கு 15 கி.மீ. எதிர்க்காற்று அடித்தால் அது 87 கி.மீ. காற்றைத்தான் உணர்கிறது. நம் முகத்துக்கு லேசாகத் தெரிகிற காற்று டிஸ்க்குக்கு லேசு இல்லை.

பாதையில் ஜாக்கிங் போகிறவர், தாய்ச்சி ஆடும் பெரியவர்கள் இருந்தால் நிறுத்திவிடுங்கள். பட்டர் (கூடைக்குக் கிட்டத்தில் எறியும் டிஸ்க்) பரவாயில்லை, டிரைவர் விளிம்பு 175 கிராமோடு முகத்தில் பட்டால் தையல்தான்.

மூணாங்கூடை:
உழைப்பு பற்றி யாரும் இன்னும் தொடவில்லை, நான் தொடுகிறேன்.

பிளாஸ்டிக் பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறினாலும் குடும்பம் மூன்றுதான். அடிமட்ட வகை: இன்னோவா டிஎக்ஸ், டிஸ்கிராஃப்ட் புரோ-டி, லாட்டிடியூட் 64-இன் ரெட்ரோ, டைனமிக்கின் பிரைம். கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் கடின வகை: சாம்பியன், இசட், ஆப்டோ, லூசிட். ஒளி புகாத, பிடிப்பு கூடிய மேல்வகை: ஸ்டார், இஎஸ்பி, ஃப்யூஷன். எம்விபியின் புரோட்டான், நியூட்ரான் கடைசி இரண்டோடு சேரும்.

நம்ம ஊரில் டிஸ்க்கைக் கொல்வது மூன்று: மரம், சிமெண்டு, சூடு. மூன்றும் மூன்று விதமான காயம் தருகின்றன.

மரத்தில் நேராக மோதினால் மூக்கு நசுங்கும். டிஎக்ஸில் ஒரே மோதலில் கண்ணுக்குத் தெரிகிற பள்ளம் விழும். பள்ளம் சேரச் சேர முன்விளிம்பு மழுங்கி, பிறையார் சொன்ன அந்தக் கோடு கீழே இறங்கும், டிஸ்க் அண்டர்ஸ்டேபிள் ஆகும். டிஎக்ஸ் டீபேர்ட் 'நேராகப் போகிறது' என்று செந்தூல்காரன் எழுதியிருக்கிறார். புதுசா, ஏற்கெனவே அடிபட்டதா என்று பார்க்க வேண்டும். சாம்பியனில் அதே மோதல் ஒரு வெள்ளைத் தழும்பை மட்டும் விட்டுப் போகும், பறப்பு மாறாது.

சிமெண்டு வேறு. லோங்காங் ஓரத்தில் உரசினால் எந்த பிளாஸ்டிக்காக இருந்தாலும் சீவியெடுக்கும், பிசிறு எழும்பும். சாம்பியனில் எழும்பும் பிசிறு கடினமானது, விரலைக் கிழிக்கும். கண்ணால் பார்த்துப் பிசிறைக் கண்டுபிடிக்க முடியாது. கொஞ்சம் பஞ்சை எடுத்து விளிம்பைச் சுற்றி ஓட்டுங்கள். பஞ்சு இழை எங்கே மாட்டுகிறதோ அங்கே பிசிறு. அந்த இடத்தில் ஸ்பூனின் பின்பக்கத்தை அழுத்தித் தேய்த்தால் சின்னப் பிசிறு மடங்கி அடங்கிவிடும். பெரியதுக்கு 400 எண் உப்புத்தாள், தண்ணீர் தொட்டு, பிசிறு மேல் மட்டும்.

உழைப்பை எண்ணாகப் பார்க்க வேண்டும் என்றால் எடையை நம்ப வேண்டாம். ஒரு கிராம் தராசில் தேய்மானம் தெரியவே தெரியாது. விளிம்பில் கடிகார 12, 3, 6, 9 இடங்களில் உள்பக்கம் மார்க்கர் புள்ளி வையுங்கள். அந்த நாலு இடத்தையும் அளவுகோலோடு சேர்த்து, அதே வெளிச்சத்தில், புதிதாக இருக்கும்போதும் பிறகு மாதம் ஒரு முறையும் படமெடுங்கள். அட்டை எண்ணிக்கையையும் குறித்து வாருங்கள். கோடு ஓர் அட்டை இறங்கிவிட்டால் அது இப்போது வேறு டிஸ்க். பையில் அதன் இடத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

வேண்டுமென்றே சுவரில் அடித்துச் சோதிப்பவர்கள் உண்டு. அதில் தெரிவது சுவரில் அடித்தால் என்ன ஆகும் என்பது மட்டும்.

ஜெலுத்தோங் தம்பி:
அப்படின்னா டிஎக்ஸ் வாங்குறது காசு வேஸ்ட் தானே? மரத்துல ரெண்டு அடி வாங்கினா ஆள் மாறிடுது.

தஞ்சோங் காற்று:
இல்லை தம்பி, இங்கே நான் உடன்படவில்லை. அடிமட்ட பிளாஸ்டிக் சீக்கிரம் மாறுவதுதான் அதன் பலம். ரோக் என்ற மிட்ரேஞ்ச் (நடுத்தூர) டிஸ்க் எறிபவர்களைக் கேட்டுப் பாருங்கள். பையில் மூன்று டிஎக்ஸ் ரோக் வைத்திருப்பார்கள்: புதுசு ஒன்று எதிர்க்காற்றுக்கும் இடப்பக்க முடிவுக்கும், பாதி அடிபட்டது நேர்கோட்டுக்கு, நன்றாக அடிபட்டது வலப்பக்கம் வளைக்க. மூன்றும் கையில் ஒரே மாதிரி உட்காரும். சாம்பியனில் இந்த மூன்று நிலையையும் அடைய வேண்டும் என்றால் வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் மூன்று வேறு மோல்டு வாங்க வேண்டும்.

பட்டருக்கு இது இன்னும் பொருந்தும். கூடைச் சங்கிலியில் அடிபடுவது மெதுவான மோதல், மூக்கு நசுங்காது. அங்கே பிடிப்புதான் தேவை, ஆயுள் இல்லை. ஏவியார் டிஎக்ஸ், ஜட்ஜ் கிளாசிக் மாதிரி உள்ளதைப் பட்டிங்குக்கு எடுங்கள். சாம்பியனில் பட்டிங் பட்டர் வாங்குகிறவர்களை எனக்குப் புரியவே இல்லை.

மூணாங்கூடை:
மிட்ரேஞ்சுக்கும் பட்டருக்கும் ஒத்துக்கொள்கிறேன். டிரைவருக்கு இல்லை. ஸ்பீடு 9க்கு மேலே மூக்கு மெல்லியது. டிஎக்ஸில் அந்த மெல்லிய மூக்கு சீராக மழுங்காது, ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் புதுசு என்று ஆகும். அப்புறம் அது அண்டர்ஸ்டேபிள்கூட இல்லை, ஒவ்வொரு எறியும் ஒவ்வொரு மாதிரி. சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தும் உங்கள் முறை ரோக்கில் வேலை செய்கிறது, டிஸ்ட்ராயரில் செய்யாது.

தஞ்சோங் காற்று:
ஸ்பீடு 9க்கு மேலே என்றால் வாதமில்லை. 7, 8-இல் இன்னும் என் கட்சிதான்.

காசுக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். அமெரிக்கக் கடை விலையில் டிஎக்ஸ் சுமார் 10 டாலர், மேல்வகை 17 முதல் 20. வெளிநாட்டிலிருந்து இணையத்தில் எடுத்தால் 500 வெள்ளிக்குள் (ரிங்கிட்) உள்ள பொருளுக்கும் 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அஞ்சல் செலவு டிஸ்க் விலைக்குச் சமமாக வந்துவிடும். ஒரு டிஸ்க்காக எடுப்பது வீண், நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பெட்டியில் எடுங்கள். அஞ்சல் செலவையும் சேர்த்துப் பார்த்தால் டிஎக்ஸுக்கும் ஸ்டாருக்கும் விலை இடைவெளி கடையில் தெரிகிற அளவு இருக்காது. என் கட்சிக்கு எதிரான கணக்குதான், இருந்தாலும் கணக்கு கணக்கு.

ரொம்ப மலிவாக விற்கும் பெயர் தெரியாத டிஸ்க்குகளில் முதலில் மோல்டு பெயரை பிடிஜிஏ அங்கீகாரப் பட்டியலில் தேடுங்கள். பட்டியலில் இல்லையென்றால் போட்டிக்கு ஆகாது. அடுத்த முறை அதே டிஸ்க் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

செந்தூல்காரன்:
அளந்துவிட்டேன். எடை: டிஎக்ஸ் 172, ஸ்டார் 173, சாம்பியன் 175. கோடு: ஸ்டாரும் சாம்பியனும் ஒரே அட்டை, டிஎக்ஸ் ஓர் அட்டை கீழே. சாம்பியன் மேல்தட்டு கிட்டத்தட்ட பலகை, அளவுகோல் ஆடவே இல்லை. ஸ்டாரில் நன்றாகத் தெரிகிற புடைப்பு.

டிஎக்ஸ் விளிம்பில் பஞ்சு மூன்று இடத்தில் மாட்டுகிறது. இன்னொரு சங்கதி: ஸ்டார் டைல்ஸில் லேசாக ஆடுகிறது. காடியில் (காரில்) இருந்ததாலா?

பிறையார்:
அப்படியானால் முதல் கேள்விக்குப் பாதி விடை மேசையிலேயே வந்துவிட்டது. ஸ்டாருக்கும் சாம்பியனுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் புடைப்பில், டிஎக்ஸின் வித்தியாசம் கோட்டில். மீதியைத் திடலில் உறுதி செய்யுங்கள். ஸ்டார் நேரானால்தான் சோதனைக்கு அர்த்தம், அதை முதலில் சரி செய்யுங்கள்.

காடிதான். வெயிலில் நிறுத்திய காடிக்குள் டாஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டுவது நமக்குச் சாதாரணம். அந்தச் சூட்டில் எல்லா பிளாஸ்டிக்கும் இளகும். பையில் நெருக்கி அடுக்கி, மேலே தண்ணீர் போத்தல் வைத்திருந்தால் இளகிய டிஸ்க் அந்த வடிவத்திலேயே ஆறிவிடும். டிஸ்க் பை காடியிலேயே குடியிருக்கக் கூடாது. வைத்தே ஆக வேண்டும் என்றால் கண்ணாடிக்குப் பக்கத்தில் வேண்டாம், பின்பக்கத் தரையில், டிஸ்க்குகள் செங்குத்தாக, தளர்வாக நிற்கட்டும்.

நேராக்க: அகலமான பேசினில் சூடான தண்ணீர். கொதிக்கும் நீர் வேண்டாம், விரலை ஒரு நொடி மட்டும் வைக்க முடிகிற சூடு போதும். ஒரு நிமிடம் முழுக விட்டு, வெளியே எடுத்து, டைல்ஸில் விளிம்பு முழுவதும் படியும்படி வைத்து, விளிம்பு மேல் மட்டும் சீராகப் பாரம் பட ஒரு சட்டியைக் கவிழ்த்து வையுங்கள். தட்டின் நடுவில் அழுத்தினால் புடைப்பு போய்விடும், பிறகு அது உங்கள் பழைய ஸ்டார் இல்லை. தானாக ஆறட்டும், அவசரப்பட்டு ஐஸ் தண்ணீர் ஊற்ற வேண்டாம். பிறகு இருட்டறையில் கண்ணாடி மேசைமேல் வைத்து அடியிலிருந்து போன் விளக்கைக் காட்டுங்கள். விளிம்பைச் சுற்றி எங்காவது வெளிச்சக் கீற்று கசிந்தால் அங்கே இன்னும் தூக்கியிருக்கிறது.

பங்சார் அக்கா:
கோணலைச் சரி செய்வது வேறு, வேண்டுமென்றே புடைப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் வேறு. பறப்பை மாற்றும் நோக்கத்தில் டிஸ்க்கை மாற்றக் கூடாது என்பது பிடிஜிஏ விதி. பிசிறை அளவாகத் தேய்ப்பதற்கு அனுமதி உண்டு, அளவுக்கு மீறித் தேய்த்தால் செல்லாது. கனம் தெரிகிற பெயிண்டும் அப்படியே. விரிசல் விட்டதும் ஓட்டை விழுந்ததும் செல்லாது, எவ்வளவு நன்றாகப் பறந்தாலும் சரி. தட்டும் விளிம்பும் சேரும் உள்மூலையில்தான் விரிசல் முதலில் வரும். அங்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள்.

ஜெலுத்தோங் தம்பி:
மழைக்கு எது? போன மாசம் ஆயர் ஈத்தாம் பக்கம் நனைஞ்ச சாம்பியனை எறிஞ்சவர் கையிலிருந்து அது சோப்புக் கட்டி மாதிரி நழுவிப் போனதைப் பார்த்தேன்.

பங்சார் அக்கா:
ஈரத்தில் சாம்பியன், இசட் மாதிரி கண்ணாடி வகைதான் ரொம்ப வழுக்கும். ஸ்டார், இஎஸ்பி பரவாயில்லை. அதைவிட மென்மையான ஜிஸ்டார் இன்னும் நல்லது, ஆனால் வெயில் ஏறினால் அது தொளதொளவென்று ஆகிவிடும். நம்ம ஊரில் ஒரே நாளில் இரண்டும் உண்டு என்பதால் ஸ்டார் வகைக்கு என் ஓட்டு.

புது டிஸ்க் எதுவாக இருந்தாலும் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு மென்மையான ஸ்பாஞ்சால் கழுவிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். மேலே ஒரு வழவழப்பு இருக்கும், அது போகாமல் பிடிப்பைப் பற்றிப் பேசக் கூடாது. துண்டு இரண்டு: ஒன்று டிஸ்க்குக்கு, ஒன்று கைக்கு மட்டும். கைத் துண்டைச் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் வையுங்கள். மழை இல்லாவிட்டாலும் உள்ளங்கை வியர்க்கும். பேட்மிண்டன்காரர்கள் போடும் கிரிப் பவுடர் இதற்கும் சரியாகும், விளிம்பின் உட்பக்கம் பிடிக்கும் விரல்களில் மட்டும்.

பிடிப்பைச் சோதிக்கத் தனி எறி வேண்டும். டிஸ்க்கை வாளித் தண்ணீரில் முக்கி, ஒரு முறை துடைத்து, முக்கால் பலத்தில் எறியுங்கள். உலர்ந்த எறிக்கும் இதற்கும் தூரத்தில் எவ்வளவு விழுகிறது, எத்தனை எறி முன்கூட்டியே நழுவி இடப்பக்கம் போகிறது என்று குறியுங்கள். தூரக் கணக்கையும் இதையும் கலக்க வேண்டாம்.

தஞ்சோங் காற்று:
ஒரு சந்தேகம். ஈரக்காற்று கனமானது, அதனால் இங்கே டிஸ்க் தூரம் போகாது என்று பலர் சொல்கிறார்கள். சரியா?

பிறையார்:
தலைகீழ். நீராவி மூலக்கூறு காற்று மூலக்கூறைவிட எடை குறைந்தது. ஈரம் கூடினால் காற்றின் அடர்த்தி கொஞ்சம் குறையும். வெப்பமும் அதைக் குறைக்கும். கடல்மட்டத்தில் காலை 25 டிகிரியில் கன மீட்டருக்குச் சுமார் 1.17 கிலோ, மத்தியானம் 33 டிகிரியில் சுமார் 1.14. மூன்று விழுக்காடு வித்தியாசம். கையில் தெரியாது, ஆனால் காலையில் ஒன்றையும் மத்தியானத்தில் ஒன்றையும் எறிந்து ஒப்பிடக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

மலையில் தெரியும். கேமரன் மலை தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர், அங்கே அடர்த்தி இங்கிருப்பதைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைவு. டர்ன் குறையும், மிதப்பு குறையும், டிஸ்க் சீக்கிரம் இடப்பக்கம் இறங்கும். கோலாலம்பூரில் நேராகப் போகும் டீபேர்ட்டை அங்கே கொண்டுபோனால் 'கெட்டுப்போச்சு' என்று நினைக்க வேண்டாம். 6/5/-2/1 லெப்பர்ட் மாதிரி ஒன்றைக் கூட எடுத்துப் போங்கள்.

செந்தூல்காரன்:
நன்றி. ஸ்டாரைச் சட்டி கவிழ்த்து வைத்திருக்கிறேன். கடைசியாக இரண்டு. சாம்பியன் விளிம்பின் உட்பக்க அடியில் புதிதிலிருந்தே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் இழை துருத்துகிறது, பிளேடால் சீவலாமா? அப்புறம், ஏரி ஓரத்தில் எறிய மிதக்கும் டிஸ்க் உண்டா?

மூணாங்கூடை:
பிளேடு வேண்டாம். ஒரு இடத்தில் ஆழமாக இறங்கினால் அந்தப் பள்ளம் விடும்போது விரலில் தட்டிக்கொண்டே இருக்கும், விரிசலுக்கும் அதுவே தொடக்கம். 400 தாளைப் பென்சிலில் சுற்றி, இழை மேல் மட்டும் நாலைந்து இழு, பிறகு பஞ்சு ஓட்டிப் பார்.

மிதப்பதற்கு இன்னோவாவில் டிராகன், வாஹூ இரண்டும் டிரைவர், ஹைட்ரா பட்டர். மற்ற டிஸ்க் பெரும்பாலும் நேராக அடிக்குப் போகும். மிதக்கும் டிஸ்க்கில் கருநீலமும் பச்சையும் எடுக்காதீர்கள், ஏரித் தண்ணீரில் மிதந்தும் பயனில்லை. இளஞ்சிவப்பு நல்லது. செம்மண்ணிலும் அதுதான் கண்ணில் படும், ஆரஞ்சு படாது.

ஜெலுத்தோங் தம்பி:
சரி, அட்டை எண்ணியாச்சு. என் ஃபயர்பேர்ட் ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு அட்டை வித்தியாசம் வருது. ரெண்டும் ஒரே பெட்டியில வந்தது லா.

பிறையார்:
ஒரே பெட்டியில் வந்தாலும் ஒரே தொகுதி என்று சொல்ல முடியாது. கோடு உயர்ந்ததை எதிர்க்காற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். விற்பதாக இருந்தால் மற்றதை விற்றுவிடுங்கள், விளம்பரத்தில் அட்டை எண்ணிக்கையையும் போடுங்கள்.